எட்டு நாளைக்கு ஒரு ஆள்

அத்தியாயம் 11

அண்ணியின் நீல நோட்டு பத்து நாளாகச் சாப்பாட்டு மேஜையை விட்டு நகரவில்லை. தட்டு வைக்க இடம் போதாவிட்டால் தட்டுதான் மடிக்குப் போகும். நோட்டு போகாது.

குடும்பம் போகப்போகும் வெளிநாடு இப்போதைக்கு அந்த நோட்டுக்குள்தான் இருந்தது. எட்டு நாள். ஒரு பெரிய ஏரி, ஏரியைச் சுற்றி மலை, மலை மேல் ஏறும் ரயில்.

பன்னிரண்டு வருஷமாக ஒரே டிராவல்ஸில், ஒரே விசா மேஜையில் உட்கார்ந்திருக்கும் சின்னவளுக்குக் கம்பெனிச் சலுகை வந்து சேர்ந்ததும், வீடே துள்ளிக் குதித்ததும் தெரிந்த கதை. ஊழியருக்கு டிக்கெட்டும் ஓட்டலும் இலவசம். கூட வரும் குடும்பத்தார் மூன்று பேர் வரைக்கும் பாதி விலை. ஊழியர் போனால்தான் மற்றவர்களுக்குச் சலுகை. விசாக் கட்டணம், இன்ஷூரன்ஸ், கைச்செலவெல்லாம் அவரவர் பாடு.

அண்ணன், அண்ணி, அவர்கள் பெண் வாலு, சின்னவள். சரியாக நாலு பேர். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

சின்னவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் இரண்டே வருஷத்தில் கசந்துபோய், ஒரு பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, யாரும் சொல்லாமலே தன் படுக்கையை அவர் அறைக்கு மாற்றிக்கொண்டாள். அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அண்ணிக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் கணக்கு வேலை. வாலுவுக்குப் பரீட்சை. அதனால் அப்பா சின்னவள் பங்குக்கு வந்தார்.

காலை ஏழரை மணிக்கு நோட்டைச் சுற்றி எல்லாரும் கூடியிருந்தார்கள்.

"தண்ணி பாட்டில் ஒரு நாளைக்கு ரெண்டுன்னு போட்டிருந்தேன். ஒண்ணாக்கிட்டேன்," என்றாள் அண்ணி. "அங்க குழாய்த் தண்ணியே குடிக்கலாமாம். பாட்டில் விலையைக் கேட்டாலே தாகம் அடங்கிடும்."

"பாத்ரூம் போறதுக்குக் காசு வாங்கறாங்களாமே, அதைப் போட்டியா?" என்றான் அண்ணன்.

"போட்டாச்சு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு தடவை."

"நம்ம அப்பாவுக்கு மட்டும் அஞ்சு தடவை போடும்மா," என்றாள் வாலு, அண்ணனைக் கண்ணால் காட்டி. "காலையிலேயே மூணு டீ உள்ள போகுது."

சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்தப் பத்து நாளில் அவள் சிரித்த சிரிப்பு, அதற்கு முந்தைய பத்து மாசத்துக்குச் சமம். கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்கிப் பீரோவில் மறைத்து வைத்திருந்தாள். அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணி நோட்டிலிருந்து ஒரு தாளைச் சத்தம் வராமல் கிழித்து நீட்டினாள். பிசிறில்லாத கையெழுத்து, கோடு போட்ட கட்டங்கள்.

"இதுதான் கடைசி. இனிமே ஒரு காசு ஏறாது, இறங்காது. சலுகை ஃபாரத்தோட சேர்த்துக் கொடுத்துடு."

"அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணும் அண்ணி. அண்ணா, உங்க மூணு பேர் பாஸ்போர்ட்டையும் மறக்காம கடையிலேருந்து என் ஆபீஸுக்கு எடுத்துட்டு வந்துடு. அப்புறம், அப்பாவுக்கு ஆள் பேசறேன்னியே?"

"அதை என்கிட்ட விடுன்னு சொன்னேன்ல," என்ற அண்ணன், அவசரமாகச் செருப்பைத் தேடப் போனான்.

*

டிராவல்ஸில் அவளுக்கு விசா மேடம் என்று பெயர். எந்த நாட்டுக்கு எத்தனை மாச பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும், போட்டோவில் காது தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் விரல் நுனியில். அன்று காலை முதல் கிராக்கி புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அதே ஏரி நாடு.

"மலை ரயில்ல ஏறும்போது இடது பக்கமா உட்காருங்க. ஏரி முழுசாத் தெரியும். இறங்கும்போது வலது பக்கம் மாறிக்குங்க," என்றாள்.

"நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க மேடம்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இனிமேதான் போகப் போறேன்." சொல்லும்போதே முகம் சூடாவது தெரிந்தது.

அவர்கள் போன பிறகு அண்ணியின் தாளை எடுத்து வைத்துக்கொண்டு டைப் அடிக்க ஆரம்பித்தாள். விசா 3. இன்ஷூரன்ஸ் 3. மலை ரயில் 3. படகு 3. மத்தியானச் சாப்பாடு 3.

விரல் நின்றது.

தனக்கு டிக்கெட் இலவசம், சரி. விசா இலவசமில்லையே. படகுக்காரன் இலவசமாக ஏற்றிக்கொள்ள மாட்டானே. தன் பங்கைத் தானே கட்டிக்கொள்வாள் என்று அண்ணி விட்டிருப்பாளோ? ஆனால் அப்படியென்றால் அதையும் ஓர் ஓரத்தில் எழுதியிருப்பாள். அண்ணி கணக்கில் தப்பு விடுகிற ஆள் இல்லை. காலில் செருப்பு கடித்தால் ஒட்டுகிற பிளாஸ்திரிக்குக்கூட அதில் ஒரு வரி இருந்தது. பக்கத்து வீட்டுக்கு வாங்கிவர வேண்டிய சாக்லேட்டுக்கு ஒரு வரி. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்கு ஒரு வரி.

அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வரி இல்லை.

தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். வெறும் வெள்ளை.

"மேடம்," மேனேஜர் தன் அறையிலிருந்து தலையை நீட்டினார். "உங்க ஃபாரம் வந்ததும் தலைமை ஆபீஸுக்கு அனுப்பிடுவேன். அனுப்பினா அனுப்பினதுதான். அப்புறம் பேரைச் சேர்க்கறது, எடுக்கறது எதுவும் கிடையாது."

"சரி சார்."

*

அண்ணன் பதினொன்றரைக்கு வந்தான். கையில் துணிப்பை, அதற்குள் மூன்று பாஸ்போர்ட். லென்ஸ் தேய்த்த வெள்ளைப் பொடி இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

"விசா நாலு பேருக்கு ஆகும்ணா. அண்ணி மூணுதான் போட்டிருக்காங்க."

அண்ணன் மேஜை மேல் இருந்த சின்ன உலக உருண்டையைச் சுற்றிவிட்டான். அது நின்றதும் மறுபடி சுற்றினான்.

"அதைப் பத்தித்தான் பேசலாம்னு வந்தேன்."

"அப்பாவுக்கு ஆள் பேசியாச்சா?"

"அதுவும் இதுல சேர்ந்ததுதான்." குரலைத் தாழ்த்தினான். "உங்க விதியில ஒண்ணு இருக்குல்ல? டிக்கெட் போட்டப்புறம் ஸ்டாஃபுக்கு உடம்பு முடியாமப் போயிட்டா, வீட்டு ஆளுங்க போகலாம், விலை மாறாதுன்னு. நீதானே அன்னிக்குச் சொன்னே?"

"சொன்னேன்."

"நம்ம கடைக்கு ஒரு டாக்டர் வர்றாரு. தங்கமான மனுஷன். கேட்டா ஒரு லெட்டர் கொடுத்துடுவாரு."

சின்னவளுக்கு ஒரு நிமிஷம் எதுவும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் அண்ணியின் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன வியாதின்னு கொடுப்பாரு?"

"முதுகு வலின்னு ஏதாவது..."

"அதுக்கு எதுக்குண்ணா பொய் லெட்டர்? மூணு வருஷமா நிஜமாவே வலிக்குது. அப்பாவைத் தூக்கித் தூக்கி."

அண்ணன் உலக உருண்டையை விட்டுவிட்டுச் சுவரில் இருந்த விமானப் படத்தைப் பார்த்தான்.

"மாட்டிக்கிட்டா என் வேலை போயிடும். அது தெரியுமா?"

"யாரும்மா இதைப் போய்த் தோண்டப் போறாங்க?"

"தோண்டறதுதான் என் வேலை. பொய்க் காகிதத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடிக்கறதுக்குத்தான் பன்னிரண்டு வருஷமா எனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க."

 பக்கத்து மேஜைப் பெண் இவர்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு யோசனை?" என்று கேட்டாள் சின்னவள்.

"கணக்கு வழக்கெல்லாம் உங்க அண்ணிதானே. எனக்கென்ன தெரியும்? பாஸ்போர்ட்டைக் கொண்டு போய்க் கொடுன்னா கொடுக்கறவன் நான்." எழுந்துகொண்டான். "மத்தியானம் சாப்பிட வருவேல்ல, அப்ப அவகிட்டயே பேசிக்கோ. கடையில ஆள் இல்ல."

வந்த வேகத்தைவிடப் போன வேகம் அதிகமாக இருந்தது.

*

ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. தினமும் ஒரு மணிக்கு வந்து அப்பாவுக்கு ஊட்டிவிட்டு, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, இரண்டுக்குத் திரும்பிவிடுவாள். அன்று அந்தப் பத்து நிமிஷமும் அண்ணியை மனசுக்குள் நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டே நடந்தாள். என்றைக்கோ அண்ணி சொன்ன ஒரு குத்தல், ஒருநாள் கதவைச் சாத்தின விதம், பால் தீர்ந்துபோனபோது பார்த்த பார்வை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. வாசல்படி ஏறும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகளெல்லாம் வரிசையாகத் தயாராக நின்றன.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை சமயம், அண்ணிக்கு அரை நாள்தான் வேலை. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என்னை விட்டுட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். மூணு, மூணுன்னு எழுதித்தான் காட்டணுமா?"

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்க அண்ணன் என் பேரையா சொன்னாரு?"

"வேற யாரு பேரைச் சொல்லுவான்?"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு போய் நீல நோட்டை எடுத்து வந்தாள். முதல் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் போட்டாள்.

முதன்முதலில் எழுதின கணக்கு. விசா 4. இன்ஷூரன்ஸ் 4. அதற்குக் கீழே, 'அப்பாவுக்கு ஆள், 8 நாள், பகல் ராத்திரி' என்று ஒரு வரி. எதிரே ஒரு தொகை. பக்கத்தில் ஆள் அனுப்புகிற இரண்டு இடங்களின் போன் நம்பர். நாலு எல்லாவற்றையும் அடித்து மூன்றாக்கியிருந்தது. அப்பாவுக்கு ஆள் என்கிற வரியின் மேல் தடியாக ஒரு சிவப்புக் கோடு. லென்ஸில் குறி போடுகிற பென்சில். அந்தச் சிவப்பு இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"நான் ரெண்டு இடத்துல விசாரிச்சு எழுதினேன். அடிச்சது அவரு."

"ஏன்?"

"மாமாவைக் கேட்டிருக்காரு. வெளி ஆள் தன்னைத் தொடக் கூடாதுன்னுட்டாராம் மாமா. 'சின்னவ இருக்காள்ல, அவ எதுக்குப் போகணும்'னு கேட்டாராம்." அண்ணி ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். "அப்பாவே சொல்லிட்டாருன்னதும் இவருக்கு நிம்மதி. இனிமே யாரும் தன்னைக் குத்தம் சொல்ல முடியாதுல்ல."

"நீங்களாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லியிருக்கலாம். சொல்லல." அண்ணி பூசி மெழுகவில்லை. "அந்த ஒரு வரி போனதும் மொத்தத்துல எவ்வளவு இறங்கிச்சு தெரியுமா? அதைப் பார்த்ததும் என் வாய் தானா மூடிக்கிச்சு. கல்யாணமாகி பதினெட்டு வருஷம் ஆச்சு. எட்டு நாள் அடுப்பைப் பார்க்காம, யாரோ கொண்டு வந்து வைக்கறதை உட்கார்ந்து சாப்பிடப் போறோம்னு ஒரு ஆசை. அந்த ஆசையில நல்லவளா இருக்கறதை மறந்துட்டேன். திட்டணும்னா திட்டிக்கோ."

தெரு முழுக்கச் சேர்த்துக்கொண்டு வந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. திட்டுவதற்குத் தோதாக அண்ணி ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

மசித்த சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள்.

*

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். இப்போதும் ஜன்னலுக்கு வெளியே ஏதாவது சத்தம் கேட்டால், சத்தத்தை வைத்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். வார்த்தைகள் ஓரம் தேய்ந்துதான் வரும். மற்றவர்களுக்குப் பாதி புரியாது. சின்னவளுக்கு முழுசாகக் கேட்கும்.

தலையணையை நிமிர்த்தி வைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றினாள்.

"அப்பா, ஊருக்குப் போறதைப் பத்தி அண்ணன் உங்ககிட்ட கேட்டானா?"

"கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

அவர் மென்று முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"வெளி ஆள் வேண்டாம்னேன்."

"எட்டே நாள்தானேப்பா. நல்ல ஆளா நானே பார்த்து, எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டுப் போறேன்."

அப்பா தலையை ஆட்டினார். "அத்தனை வருஷம் உச்சியில தனியா உட்கார்ந்தவன் நான். கீழ இருக்கறவன் எல்லாம் அண்ணாந்து பார்ப்பான். இப்ப எவனோ ஒருத்தன் வந்து என் துணியை அவுத்து, துடைச்சு... வேண்டாம்மா."

இடது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சின்னவள் துண்டின் முனையால் ஒற்றி எடுத்தாள். முதல் மாசமெல்லாம் அவள் துணி மாற்றும்போது அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கூச்சத்தை இன்னொரு ஆளிடம் முதலிலிருந்து படச் சொல்வதா? போகட்டும், விட்டுவிடலாம் என்றுகூட அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. அவர் அதோடு நிறுத்தியிருந்தால் விட்டிருப்பாள்.

"அப்ப அண்ணன் இருக்கட்டுமாப்பா? நான் அண்ணியோட போயிட்டு வரேன்."

"அவன் எப்படி? அவன் குடும்பஸ்தன். பொண்டாட்டி பிள்ளையோட போறான்." அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கென்ன? கூட கைகோத்துட்டுச் சுத்த யாரு இருக்கா உனக்கு? தனியா போய் அங்க என்னத்தைப் பார்க்கப் போறே?"

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. சாயங்காலம் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார்.

சின்னவள் ஊட்டினாள். கிண்ணம் காலியாகும் வரைக்கும் ஊட்டினாள். வாயைத் துடைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். இரண்டு கையையும் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கி, இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகுக்கு அண்டை கொடுத்தாள். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. அவள் சாப்பிடவில்லை என்பது ஆபீஸுக்குத் திரும்பி நடக்கும்போது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

*

நாலரை மணிக்கு ஃபாரத்தை எடுத்தாள்.

ஊழியர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். குடும்பத்தார் ஒன்று என்ற இடத்தில் வாலுவின் பெயர். இரண்டில் அண்ணி பெயர். மூன்றாவது கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

கூட கைகோத்துட்டுச் சுத்த யாரு இருக்கா உனக்கு?

கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். நேரான கோடு. அண்ணனின் பாஸ்போர்ட்டைத் துணிப்பைக்குள் திரும்பப் போட்டாள். அண்ணியின் தாளை எடுத்துச் சரி பார்த்தாள். ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. விசா மூன்று, இன்ஷூரன்ஸ் மூன்று, மலை ரயில் மூன்று, படகு மூன்று. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மூணு பேர்தானா? உங்க அண்ணன் வர்றாருன்னு சொன்னீங்களே?"

"அவருக்கு வீட்டுல வேலை இருக்கு சார்."

"நல்லா யோசிச்சுக்குங்க மேடம். அனுப்பிட்டா..."

"அனுப்புங்க சார்."

மேனேஜர் கம்ப்யூட்டரில் ஒரு விரலால் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தட்டு.

*

ஏழு மணிக்கு அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்தபோது, நீல நோட்டின் மேல் அவன் பாஸ்போர்ட் இருந்தது.

"என்ன, இதை மட்டும் திருப்பிக் கொண்டாந்துட்டே? ஏதாவது தப்பா இருக்கா?"

"தப்பு ஒண்ணுமில்ல. உன் பேரைக் கொடுக்கலண்ணா. நானும் அண்ணியும் வாலுவும் போறோம். நீ அப்பாவோட இரு."

வாலு சாப்பிட எடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் முதலில் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான்.

"விளையாடாதே. கடையை யாரு பார்ப்பா?"

"எட்டு நாள் பூட்டறதாத்தானே இருந்தே?"

"நாளைக்குப் போய் மாத்தச் சொல்லு."

"மாத்த முடியாது. அனுப்பியாச்சு."

"எனக்கு அவரைத் தூக்கத் தெரியாதுடி! ஒரு தடவைகூட தூக்கினதில்ல!"

"தெரியும். அதுக்குத்தான் இன்னும் ஒரு மாசம் இருக்கு. தினம் சொல்லித் தரேன்." சின்னவள் குரலை உயர்த்தவில்லை. "வெளி ஆள் தொடக் கூடாதுன்னுதானே அப்பா சொன்னாரு? நீ வெளி ஆளா என்ன?"

அண்ணன் அண்ணியின் பக்கம் திரும்பினான். "பார்த்தியா இவ பண்ணின வேலையை? உன்னைக் கேட்டாளா?"

"என்னைக் கேட்டியா?" என்றாள் அண்ணி, சின்னவளிடம். அண்ணியின் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"கேட்கல அண்ணி. என்னை யாரு கேட்டீங்க?"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். 

"நீ போகமாட்டேல்ல?" என்றான் அண்ணன் மனைவியிடம். கேள்வி மாதிரி இல்லை, உத்தரவு மாதிரியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ தடுமாறியது. "நான் இல்லாம நீ எப்படிப் போவே?"

அண்ணி பாஸ்போர்ட்டை நகர்த்திவிட்டு நோட்டை எடுத்தாள். பக்கத்தைப் புரட்டினாள். பேனாவைத் திறந்தாள்.

"பாத்ரூம் காசுல உங்களுக்குன்னு கூடப் போட்டிருந்தேன்," என்றாள். "அதை எடுத்துடறேன்."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். நேராக அப்பாவின் அறைக்குள் போனான். அவன் குரல் இந்த அறை வரைக்கும் கேட்டது. "அப்பா! உங்க பொண்ணு பண்ணினதைக் கேளுங்க! உங்களை விட்டுட்டுக் கிளம்பறா!" மூன்று வருஷத்தில் அவன் அந்த அறைக்குள் அவ்வளவு நேரம் நின்றது அன்றைக்குத்தான்.

எட்டு மணிக்குச் சின்னவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் ஜன்னலோரம் நின்றிருந்தான். அவள் தலையணையை நிமிர்த்தினாள், துண்டைச் சுற்றினாள், கரண்டியை உதட்டருகே கொண்டு போனாள்.

அப்பா வாயைத் திறக்கவில்லை.

"அப்பா."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தாடை இறுகியிருந்தது. விழுந்த வலது பக்கத்தில்கூட எங்கிருந்தோ ஒரு பலம் வந்து அந்த வாயைப் பூட்டியிருந்தது.

கரண்டியில் எடுத்தது ஆறும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்தையும் கரண்டியையும் அண்ணன் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கே ஆரம்பிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

உள்ளே கரண்டி கிண்ணத்தில் மோதும் சத்தம் கேட்டது. "கொஞ்சமாவது சாப்பிடுங்கப்பா" என்று அண்ணன் கெஞ்சுவது கேட்டது. மறுபடி கரண்டி. ஏதோ தரையில் சிந்தியது. அப்பா என்னவோ சொன்னார். அந்த வார்த்தைகள் இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் முழுசாக விளங்கும். விளங்கியது. ஆனாலும் அண்ணன் இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டு, அங்கிருந்தே கத்தினான்.

"நீ போகலன்னு சொல்ற வரைக்கும் பச்சைத் தண்ணி தொட மாட்டாராம்! காதுல விழுதா? வாடி இங்க!"

வாலு அத்தையைப் பார்த்தாள். அண்ணி நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் பேனா நகரவில்லை.

சின்னவள் ஒரு தட்டை எடுத்தாள். தனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. முதல் கவளத்தை வாயில் போட்டாள். தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள்.

அறையிலிருந்து அப்பாவின் இருமல் கேட்டது. கை தானாக மேஜையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தது. அவள் அதை மறு கையால் பிடித்து மடியில் வைத்தாள்.

இரண்டாவது கவளத்தை மென்று விழுங்கினாள்.